சிவப்பு நூல் கோழிகள்

பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே கோழி இல்லை. எச்சமும் நாலைந்து இறகும் சிந்திய தவிடும்தான் காரைத் தரையில் வட்டமாகக் கிடந்தன. பக்கத்துப் பஞ்சாரத்தில் ஆறு கோழிகளும் பத்திரமாக இருந்தன. பத்திரம் என்றால், சாகாமல் இருந்தன. நாலு கோழிகள் காலை மடக்கிப் படுத்துக் கிடந்தன. ஒன்று நிற்கப் பார்த்துப் பார்த்துச் சாய்ந்தது. இன்னொன்று கழுத்தை முதுகுப் பக்கமாக வளைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறின் காலிலும் வெள்ளை நூல். தேவமணி அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். சிவப்பு நூல் கட்டிய ஆறும் எங்கே போயின என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. சமையற்கட்டிலிருந்து மிளகும் தேங்காயும் வறுபடும் வாசனை தொழுவம் வரைக்கும் வந்துவிட்டது.

ஆறு வாரமாக அவள் வளர்த்துக் கணக்கெழுதிய கோழிகள். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டியிருந்த அந்த மிஷன் போர்டிங்கில் நாற்பத்தெட்டுப் பெண்பிள்ளைகள். போன வருஷம் கார் நெல் அறுவடை பொய்த்ததும், தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்த ரங்கூன் பச்சரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. ஆலையில் தீட்டித் தீட்டி வெளுத்த அரிசி. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கூழும் சிவந்த கைக்குத்தலும் தின்று வளர்ந்த பனையேறி வீட்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சோறு பெரிய வீட்டுச் சமாசாரம். அங்கே வாத்திச்சியாக இருந்த தேவமணிக்கும் அது தெரியும். அவள் அப்பாவும் பனையேறிதான். ஐப்பசியில் ஒரு பிள்ளைக்குக் கால் வீங்கியது, பிறகு மரத்தது, பிறகு ஒரு நாள் விடிகாலையில், எழுப்பு மணி கேட்டு எழுந்தவள் மூச்சு முட்டி விழுந்து செத்தாள். கெட்ட காற்று என்றார்கள். ஆற்றுத் தண்ணீர் என்றார்கள். ஜெபம் பண்ணினார்கள். இப்போது, 1913 மாசியில், லில்லி என்ற பிள்ளைக்கும் இன்னும் நாலு பேருக்கும் கால் வீங்கியிருந்தது. லில்லியின் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நிற்கும்.

மெட்ராசில் தேவமணிக்குப் பாடம் சொன்ன அம்மாள் அனுப்பிவைத்த வைத்தியப் பத்திரிகை ஒன்றில் விஷயம் இருந்தது. மலாய் நாட்டில் டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். வெள்ளையாகத் தீட்டிய அரிசியையே தின்றால் இந்தக் கால்வீக்க நோய் வருகிறது, கோழிக்கும் வருகிறது, தீட்டும்போது எடுத்தெறிகிற தவிட்டைக் கொடுத்தால் வருவதில்லை. அவள் அதை அகராதியோடு ஒன்பது தடவை படித்தாள். பி.ஏ. முடித்தவள்தான் என்றாலும் வைத்திய இங்கிலீஷ் வேறு பாஷை. கொண்டுபோய்க் காட்டியபோது, போர்டிங்கை நடத்தும் மிஸ்ஸியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “கர்த்தர் உண்டாக்கின அரிசியிலே வியாதி இருக்குமோ, தேவமணி? டாக்டர் துரை வந்து பார்த்துச் சரியென்றால் அரிசியை மாற்றுவேன். உன் சொல்லுக்காக மாட்டேன்” என்றாள். மிஷனுக்கு வைத்தியம் பார்க்கும் துரை, பத்திரிகைக் கதையெல்லாம் வேண்டாம், இந்த அரிசியைத் தின்ற கோழியைக் கண்ணால் காட்டு என்று எழுதிவிட்டார். காட்டலாம் என்று தேவமணி சந்தையில் பன்னிரண்டு கோழி வாங்கினாள். புழு பூச்சி கொத்தாதபடி காரைத் தரையில் அடைத்தாள். எல்லாவற்றுக்கும் ரங்கூன் அரிசி. சிவப்பு நூல் கோழிகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பிடி தவிடு. வாரம் தவறாமல் நிறுத்து எழுதினாள். இன்று துரை வந்திருக்கிறார். இதோ, முன்னறையில் பேச்சுச் சத்தம் கேட்கிறது.

சமையற்கட்டுக்குள் போனாள். சமையல்காரி கனி சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“கனியக்கா, யாரக் கேட்டு அறுத்தீய?”

கனி கரண்டியை நிறுத்தவில்லை. “யாரக் கேக்கணும்? துரை வாறதே இந்தக் கோழிக்காவத்தான்னு முந்தாநாள் நீங்கதான சொன்னீய.”

“பாக்க வாறாவன்னு சொன்னேன். பாக்க.”

“கோழியப் பாக்கவா ஒரு துரை அம்புட்டுத் தூரத்துலருந்து வண்டி கெட்டி வருவாவ? கேக்கவன் சிரிக்க மாட்டான்?”

“வெள்ள நூல் கெட்டுனதயாவது எடுத்திருக்கக் கூடாதா?”

“நல்லாருக்கு ஒங்க நியாயம். விருந்தாளிக்குச் சீக்குக் கோழியவா போட? கையில தூக்கிப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். வெள்ள நூலு வெறுங்காத்து, நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்துது. செவப்பு நூலு ஒவ்வொண்ணும் நல்ல கனம், நெத்துத் தேங்கா கணக்கா. ஒரே சந்தக் கோழி, ஒரே அரிசி. ஒரு பிடி தவுட்டுல இம்புட்டு இருக்கான்னு நானே மலைச்சுப் போயிட்டேன்.”

தேவமணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆறு வாரமாக நோட்டுப் புத்தகத்தில் அவள் எழுதியதை இந்தப் பொம்பிளை ஒரு கையில் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அறுத்தும் விட்டாள்.

“இத அந்தத் துரைட்ட வந்து சொல்லுவீயளா?”

“என்னைய எவன் கேக்கான்? தள்ளுங்க, கொழம்பு அடி பிடிக்குது.”

துரை சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். கை துடைத்துக்கொண்டு, மிஸ்ஸியம்மாவும் மானேஜர் நேசையாவும் பின்னால் வர, தொழுவத்துக்கு வந்தார். பஞ்சாரத்தைக் குச்சியால் தூக்கி, கிடந்த கோழிகளைப் பார்த்து, இங்கிலீஷில் சொன்னார்: “இது கோழிகளுக்கு வரும் தொற்று. கொன்று எரித்துவிட்டு இந்த இடத்தில் சுண்ணாம்பு போடுங்கள்.”

“தொற்று என்றால் ஒரு முழம் தள்ளியிருந்த ஆறு கோழிக்கு ஏன் ஒட்டவில்லை?” என்று அவளும் இங்கிலீஷிலேயே கேட்டாள். நோட்டை நீட்டினாள். “எடை எல்லாம் இதில் இருக்கிறது.”

“நோட்டில் யார் எதையும் எழுதலாம். அந்த ஆறு கோழி எங்கே?”

“இப்போதுதான் நீங்கள் சாப்பிட்டீர்கள்.”

மிஸ்ஸியம்மாவின் முகம் காது வரைக்கும் சிவந்தது. துரை ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். “அப்படியானால் அவை மிகுந்த ஆரோக்கியத்தோடு இருந்தன என்று நானே சாட்சி சொல்வேன்.”

“சந்தோஷம். அதை இதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்” என்று தேவமணி பென்சிலையும் நீட்டினாள்.

சிரிப்பு நின்றது. அவர் பென்சிலைப் பார்த்தார், மிஸ்ஸியம்மாவைப் பார்த்தார், தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். மிஸ்ஸியம்மா மெல்லிய குரலில், “கனவீனமாய், மரியாதையில்லாமல் பேசினாய். அரிசியைக் குறித்து இனி ஒரு வார்த்தையும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே போனாள். நேசையா மட்டும் நின்றார்.

“துரைட்டயே கையெழுத்துக் கேக்கியே, கோட்டி புடிச்சிருக்காட்டி ஒனக்கு? ஒன் அப்பன் பனையில ஏறுனான். நீ துரை தலையில ஏறப் பாக்க.”

“பனையில ஏறுனவன் பதனியாவது கொண்டாந்தான், மானேஜரய்யா. ஒங்க துரை என்னத்தக் கொண்டாந்தாவ?”

சொன்ன பதில் நல்ல பதில்தான். அதனால் லில்லியின் கால் வீக்கம் வற்றப் போவதில்லை. நேசையா ஆளைக் கூப்பிட்டு வெள்ளை நூல் கோழிகளையும் கொண்டுபோகச் சொன்னார். ஆறும் கத்தக்கூட இல்லை.

அன்று சாயங்காலப் பாடத்தை அவள் எடுக்கவில்லை. தொழுவத்துக் குதிரிலிருந்து தவிட்டை அள்ளினாள். கல்லும் உமியும் போகச் சலித்து, வறுத்து, கருப்பட்டி போட்டு இடித்து உருண்டை பிடித்தாள். யார் உத்தரவும் கேட்கவில்லை. தெரிந்தால் வேலை போகும் என்று தெரியும். போனால் அப்பா பனையிலிருந்து இறங்கி வந்து ஒன்றும் பேசாமல் பார்ப்பார் என்பதும் தெரியும்.

நோயாளி அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்த லில்லி உருண்டையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள்.

“மாட்டுக்குப் போடுததுல்லா இது?”

“மருந்துன்னு நெனச்சுத் தின்னு.”

“மாட்டேன். எங்கம்ம என்னைய இங்கன விட்டதே வெள்ளச் சோறு திங்கத்தான். தவுடு தந்தாவன்னு தெரிஞ்சா வந்து கூட்டிட்டுப் போயிருவா.”

அது பொய்யில்லை. அந்தத் தாய் இரண்டு பகல் நடந்து வந்து பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள். மலாய் நாட்டு டாக்டர்கள் இதற்கு என்ன செய்வதென்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. சன்னலில் அதற்குள் ஏழெட்டு முகங்கள் கூடிவிட்டன. அதில் ஒருத்தி சொன்னாள்: “தவுட்டுக்கு வாங்குன புள்ளைக்குத் தவுடு.”

வெளியே சிரிப்புப் பொங்கியது. பிறந்த பிள்ளையெல்லாம் செத்துப்போகிற வீட்டில், அடுத்துப் பிறந்ததை அயல்வீட்டில் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். இது உதவாத பிள்ளை என்று சாவு ஏமாந்து போய்விடுமாம். ஊரில் எந்தச் சண்டையிலும் முதலில் வருகிற ஏச்சு அதுதான். லில்லியின் கண் நிறைந்துவிட்டது. தேவமணி எழுந்து சன்னலை அடைக்கப் போனாள். அதற்குள் கனி வாசலில் வந்து நின்றாள். அவள் கையில் இன்னும் குழம்பு வாசம் அடித்தது.

“சிரிங்கட்டி, நல்லாச் சிரிங்க. தவுட்டுக்கு வாங்குனதுதான் வீட்டுல தங்கும். ஒங்க அம்மமாரக் கேளுங்க போயி.”

சிரிப்பு அடங்கியது. ஒரு முகம்கூடச் சன்னலை விட்டுப் போகவில்லை. கனி வந்தது போலவே திரும்பிப் போனாள். தேவமணி ஒரு உருண்டையை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றாள். கரகரவென்று தொண்டையில் அப்பியது. கண்ணில் நீர் வர விழுங்கினாள். இன்னொன்றை எடுத்து நீட்டினாள்.

லில்லி உருண்டையையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

“முழுங்குட்டி.”

லில்லி முழுங்கவில்லை. துப்பவும் இல்லை. ஒரு கன்னம் புடைத்து நிற்க, உதட்டோரம் தவிடு ஒட்டியிருக்க, கருப்பட்டி மட்டும் மெல்லக் கரைந்து உள்ளே இறங்குவதைச் சப்பிக்கொண்டு, வாத்திச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.