எழுந்திருக்க வேண்டாம், அத்தை

மாமியார் சண்டைக்காரியாக இருந்தால் ஆறுதல் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். மரியாதை கொடுத்தே உயிரை வாங்கும் மாமியாரைப் பற்றி யாரிடம் போய்ப் புலம்புவது? டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு வாய்த்தது அப்படி ஒரு மாமியார். மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்தால் அத்தை எழுந்து நிற்பார். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தாலும் எழுந்து நிற்பார். மறந்துபோன கண்ணாடியை எடுக்க அவர் திரும்பி வந்தால் அதற்கு ஒரு தரம், கண்ணாடியை எடுத்துக்கொண்டு கார் சாவியை விட்டுவிட்டு மறுபடி வந்தால் அதற்கு ஒரு தரம். எதையாவது மறக்காமல் மாஸ்டர் வீட்டைவிட்டுக் கிளம்பியதாகச் சரித்திரமே இல்லை.

சின்ன வீடு. வாசல் கதவைத் திறந்தால் ஹால். அதைத் தாண்டிச் சமையலறை, ஒரு படுக்கையறை, பின்னால் ஜன்னல் வைத்த குட்டி அறை. அத்தையின் நாற்காலி ஹாலில், வாசலுக்கு நேர் எதிரே கிடக்கும். கைப்பிடி வைத்த மர நாற்காலி. மகள் வீட்டோடு வந்து சேர்ந்த அன்றே அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட இடம் அது. வருகிறவர், போகிறவர், எதிர்வீட்டுப் பூனை உட்பட யாரும் அத்தையின் கண்ணுக்குத் தப்ப முடியாது.

"உக்காருங்க அத்தை. நான் என்ன ஜட்ஜா?"

"பரவால்ல மாப்பிள்ளை. பழகிடுச்சு."

பழகித்தான் போயிருந்தது. பெரிய துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாக வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர் அத்தை. அங்கே பெண்களுக்கு ஒரு ஸ்டூல்கூடப் போடமாட்டார்கள். காலையில் ஷட்டர் ஏறும்போது நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். கணவர் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, அந்த இரண்டு கால்களை நம்பித்தான் மகளைப் படிக்கவைத்து ஆளாக்கினார். ஆனால் மாப்பிள்ளைக்காக எழுந்ததற்குக் காரணம் கடைப் பழக்கம் மட்டுமில்லை. மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற கூச்சம் அவருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எழுந்து நிற்க முடிகிறவரை தான் யாருக்கும் பாரமில்லை என்று அவராக ஒரு தீர்மானம் வைத்திருந்தார். மாஸ்டருக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. மனுஷர் தங்கமானவர். கெட்டவர் கெடுதல் செய்தால் எதிர்த்து நிற்கலாம், தங்கமானவர் செய்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அத்தை அப்படித்தான் வாங்கிக்கொண்டார்.

ஒரு மழை நாள் சாயங்காலம் மாஸ்டர் நனைந்துகொண்டு உள்ளே வந்தார். அத்தை வழக்கம்போல் எழுந்தார். எழுந்தவர் தடுமாறி டிவி வைத்திருந்த மேசையைப் பிடிக்க, டிவியும் மேசையும் அத்தையும் சேர்ந்து ஆடினார்கள். மாஸ்டர் பாய்ந்துபோய்த் தாங்கிக்கொண்டார். நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு விரலை நீட்டிச் சொன்னார்:

"இனிமே எனக்காக நீங்க எழுந்தீங்கன்னா, நான் வந்த வழியே திரும்பிப் போயிடுவேன். சொல்லிட்டேன்!"

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று அத்தை சிரித்துக்கொண்டார். மறுநாள் மாப்பிள்ளை வந்ததும் எழுந்தார். மாஸ்டர் விறைத்த முகத்தோடு திரும்பிப் போய், தெருவில் நின்ற டிரைவிங் ஸ்கூல் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். மனைவி வாசலிலிருந்து கூப்பிட்டாள், அசையவில்லை. போன் அடித்தாள், எடுக்கவில்லை. கடைசியில் அவளே இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"வாங்க, நல்லா இருக்கு கூத்து. அம்மா உக்காந்துட்டாங்க. இனிமே எழுந்திரிக்கவே மாட்டாங்களாம்."

மாஸ்டர் ஜெயித்துவிட்டார். அன்றைக்கு ஒரு பிடி கூடவே சாப்பிட்டார்.

அதற்கப்புறம் அன்புக்கு அணை போட ஆளில்லை. மர நாற்காலி உறுத்தும் என்று, உட்கார்ந்தால் ஆளையே விழுங்கும் மெத்தை நாற்காலி ஒன்று வந்தது. ஹாலில் சத்தம் என்று அத்தையைப் பின்னறைக்கு மாற்றினார்கள். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில், மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில், அடித்தால் ஓடிவர ஒரு மணி. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு அத்தை சொன்னார்:

"விக்காத சரக்க கோடவுன்ல அடுக்கியாச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகளும் மாப்பிள்ளையும்கூடச் சிரித்தார்கள்.

முதலில் அத்தை ஹாலுக்கு வருவது நின்றது. பிறகு சாப்பாட்டுத் தட்டு கட்டிலுக்குப் போனது. பழைய கடைத் தோழி போன் செய்தால், "தூங்கறேன்னு சொல்லிடு" என்றார். தலை வாரிக்கொள்ளச் சொன்னால், "எதுக்கு, யாரு பாக்கப் போறா?" என்றார். மாஸ்டரின் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உள்ள பரிசோதனை எல்லாவற்றையும் செய்துபார்த்தாள். அறிக்கையைப் பார்த்தால் அத்தை ஓட்டப்பந்தயத்துக்கே பெயர் கொடுக்கலாம் போலிருந்தது.

பிறகு ஒரு காலையில், குளியலறைக்குப் போகக் கட்டிலைவிட்டு எழுந்தவருக்குக் கால்கள் மடங்கிவிட்டன. கட்டிலோரத்தில் சரிந்து கிடந்தார். மாஸ்டர்தான் தூக்கினார். கனமாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கியவர், கை சர்ரென்று மேலே வந்ததும் அதிர்ந்துபோனார். உள்ளே ஆளே இல்லாததுபோல் இருந்தது. மாப்பிள்ளையின் கையில் கிடக்க வேண்டியிருக்கிறதே என்று அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை," என்றார்.

டாக்டர் அனுப்பிவைத்த பிசியோதெரபி பெண் வந்து, அத்தையின் காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், தன் உள்ளங்கையை உதைக்கச் சொன்னாள்.

"எங்கயும் அடிபடல. எலும்பும் நல்லாத்தான் இருக்கு. வேலை கொடுக்காம விட்டுட்டீங்க, சதை கரைஞ்சு போச்சு. இந்த வயசுல காலு லீவு போட்டா, திரும்பக் கூப்பிடறது சாமானியம் இல்ல. இப்ப எழுந்து நிக்க வெச்சாத்தான் உண்டு. இன்னும் கொஞ்ச நாள் விட்டா, அப்புறம் எப்பவும் படுக்கைதான்." அப்புறம் மகளைப் பார்த்துக் கேட்டாள்: "முன்னாடி ஏதாவது எக்சர்சைஸ் பண்ணுவாங்களா?"

"எங்கம்மாவா? நாற்காலியில உக்காந்திருப்பாங்க. இவர் வந்தா எழுந்து நிப்பாங்க. அவ்வளவுதான்."

"எத்தனை தடவை வருவார்?"

"அத ஏன் கேக்கறீங்க? அதையும் இதையும் மறந்துட்டு, உள்ளயும் வெளியவும் பந்து மாதிரி வந்துகிட்டே இருப்பார்."

அந்தப் பெண் அத்தையின் காலை மெதுவாகக் கீழே வைத்தாள். "உக்கார்றது, எழுந்து நிக்கறது, திரும்ப உக்கார்றது. இவங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வந்திருக்கறதே அதத்தான். அதுதான் இவங்கள இத்தனை நாள் நடமாட வெச்சிருக்கு. எதுக்கு நிறுத்தினாங்க?"

மகள் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் கட்டிலோரத்து மணியை எடுத்துத் தள்ளிவைத்தார்.

பயிற்சி நடந்தது. ஏனோதானோ என்று நடந்தது. பிடித்துத் தூக்கினால் பாதி எழுவார், விட்டால் பொத்தென்று உட்கார்வார். "போதும்மா, எதுக்கு இந்தப் பாடு? நான் எழுந்து யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பார். பிசியோதெரபி பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவளில்லை.

மாஸ்டர் ஒருநாள் பின்னறைக்குள் போய்க் கட்டிலோரத்தில் நின்றார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

"அத்தை, இந்த வீட்டுல எனக்கு மரியாதையே இல்ல."

அத்தை கண்ணைத் திறந்தார். "என்ன மாப்பிள்ளை, என்ன ஆச்சு? அவ ஏதாச்சும் சொன்னாளா?"

"வந்தது மனுஷனா காத்தான்னு திரும்பிப் பாக்க ஆளில்ல. கதவத் திறந்தா காலி ஹாலு. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"நீங்கதானே வேண்டாம்னீங்க."

"ஆமா, சொன்னேன். புத்திகெட்டுப்போய்ச் சொல்லிட்டேன். வாபஸ் வாங்கிக்கறேன்."

"கிழிச்ச துணிய கடையில வாபஸ் வாங்க மாட்டாங்க மாப்பிள்ளை." சொல்லிவிட்டு அத்தை போர்வைக்குள் கிடந்த தன் கால்களைப் பார்த்தார். மாஸ்டர் அங்கிருந்து நகரவில்லை. கடைசியில் அத்தையே கேட்டார்: "அந்த மர நாற்காலி எங்க? வித்துட்டீங்களா?"

விற்கவில்லை. மாடிப்படிக்கடியில் துவைத்த துணியைச் சுமந்துகொண்டு கிடந்தது. மாஸ்டர் அதைத் தூசி தட்டிக்கொண்டு வந்து, வாசலுக்கு நேர் எதிரே பழைய இடத்தில் போட்டார். அத்தையைத் தாங்கிவந்து உட்காரவைத்தார்கள். அத்தை முதல் காரியமாகச் சீப்பு கேட்டார்.

அன்றிலிருந்து மாஸ்டர் வீட்டுக்குள் நுழைவதே தனி நாடகமானது. நுழைந்தால் அத்தை முயற்சி செய்வார். முடியாமல் நாற்காலியிலேயே திரும்ப விழுவார். அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் மாஸ்டர் வாசலிலேயே குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பார். அவிழ்த்ததைக் கட்டி மறுபடி அவிழ்ப்பார். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், புது ஷூவா, கடிக்குதா?" என்று விசாரிக்கும் அளவுக்கு அது போனது. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்காரும் மாஸ்டரின் காலுக்கடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டிப் பழகுகிறவர் திணறும்போதெல்லாம் அதை மிதித்தால் அவருக்கு ஜென்மத்துக்கும் வண்டி வராது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர்தான் அவர். வீட்டில் மட்டும் கண்ணைமூடிக்கொண்டு மிதித்திருக்கிறார்.

ஒரு சாயங்காலம் கதவைத் திறந்து, ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு அடுத்ததற்குக் குனிந்தபோது, நாற்காலி கிறீச்சிட்டது. மாஸ்டர் தலையைத் தூக்கினார். அன்றைக்கு அவரால் பார்க்காததுபோல் இருக்க முடியவில்லை.

அத்தையின் பாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னுக்கு நகர்ந்து தரையைத் தேடிப் பிடித்தன. விரல்கள் கைப்பிடியைச் சுற்றி இறுகின. உடம்பு முன்னால் சாய்ந்தது, தலை கவிழ்ந்தது, வாரி முடித்த வெள்ளைக் கொண்டை மட்டும் தெரிந்தது. ஒரு மூச்சு உள்ளே போய், வெளியே வரவில்லை. பிறகு நாற்காலிக்கும் அத்தைக்கும் நடுவே ஒரு கையகல வெளிச்சம் தெரிந்தது.

பாதி வழியில் நின்றுவிட்டார். முழங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. மேலே போகவும் முடியவில்லை, கீழே விழவும் அவர் சம்மதிக்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற மகள் பதறிக் கையை நீட்டினாள். மாஸ்டர் வேண்டாமென்று தலையை அசைத்தார். இல்லாத பிரேக்கை மிதிக்க அவருடைய வலது கால் துடித்தது. அதை அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்றார்.

கைப்பிடியிலிருந்து ஒரு கை எழுந்தது. அப்புறம் மற்றது. முதுகு ஒவ்வொரு கணுவாக நிமிர்ந்தது. கவிழ்ந்திருந்த முகம் மேலே வந்தது, வேர்த்து, சிவந்து, கண்கள் மட்டும் மாப்பிள்ளையைவிட்டு நகராமல். அத்தை நின்றார். எதையும் பிடிக்காமல் நின்றார்.

மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதற்குமுன் அவர் மலையைப் பார்த்திருக்கிறார், கடலைப் பார்த்திருக்கிறார், அட, பெரிசாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியிருக்கிறார். இந்தச் சின்ன ஹாலில், இந்த எலும்பும் தோலுமான மனுஷியின் எதிரில், அவருக்குப் பேச்சே எழவில்லை. இத்தனை வருஷமும் இது தனக்காக நடந்திருக்கிறது. சாவிக்கும் கண்ணாடிக்கும் ஈரத் துண்டுக்கும் நடந்திருக்கிறது. இந்த உடம்பு இவ்வளவையும் திரட்டிக்கொண்டு எழுந்து நின்ற ஒவ்வொரு தரமும், அவர் சாவியைத் தேடியபடி பக்கத்தில் கடந்து போயிருக்கிறார்.

'போதும், உக்காருங்க அத்தை' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

அத்தையின் முழங்கால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. ஆனாலும் குரல் ஆடவில்லை.

"என்ன மாப்பிள்ளை, வாசல்லயே நின்னுட்டீங்க? வந்து உக்காருங்க. நீங்க உக்காந்தாத்தானே நான் உக்கார முடியும்?"

இதை அவர் இதுவரை சொன்னதே இல்லை. மாஸ்டரும் ஒருநாள்கூட வந்ததும் உட்கார்ந்ததில்லை.

நாற்காலி தேட நேரமில்லை. கால் ஒன்றில் ஷூவோடு, வாசற்படியை ஒட்டி, மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் நன்றாக உட்கார்ந்துவிட்டார் என்று பார்த்துக்கொண்ட பிறகே, அத்தை கைப்பிடியைத் தேடிக் கையைப் பின்னால் கொண்டுபோனார்.