மஞ்சள் பெயின்ட்

ஆட்டோ ஓட்டும் ஜம்பு ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிவந்து ரிப்பேர் கடை மேஜைமேல் வைத்தான். ஆன் செய்தால் ஐந்து நிமிஷத்தில் தானே அணைந்துவிடுகிறது, அவசரமொன்றும் இல்லை என்றான். யாருடையது என்று ஜான்சி கேட்டதற்கு, "ஒரு கஸ்டமரு" என்பதற்குமேல் வாய் திறக்கவில்லை. ஸ்டேஷனில் ஏறினால் கட்கி பஜார் வந்து சேர்வதற்குள் ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடிக்கிற ஆள் அவன். அவன் வாயையே அடைத்தது யார் என்று யோசித்துக்கொண்டே பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் மஞ்சள் பெயின்ட் புள்ளி இருந்தது. அது அவள் அப்பாவின் பெட்டி.

அப்பா இருதயராஜுக்குத் தொழிற்சாலையில் செக்கர் வேலை. அங்கே ஸ்க்ரூவை முறுக்குகிறவன் அதன் தலையில் சிவப்பாக ஒரு புள்ளி வைப்பான். செக்கர் வந்து அசைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் பக்கத்தில் மஞ்சள் வைப்பார். அதற்குப் பிறகு எவன் திறந்தாலும் பெயின்ட் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். தொழிற்சாலையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு சின்ன டப்பாவும் பிரஷும் வீட்டு அலமாரியிலும் குடியேறிவிட்டன. மிக்ஸி, டேபிள் ஃபேன், குக்கர் கைப்பிடி, மாதா படம் மாட்டிய ஆணி, எதுவும் தப்பவில்லை. என் நெற்றியிலும் ஒன்று வைத்துவிடுங்கள், காணாமல் போகாமல் இருப்பேன் என்று அம்மா அந்தோணியம்மாள் கேலி செய்வாள். அந்த வீட்டில் அவர் மஞ்சள் வைக்காமல் நடந்த ஒரே காரியம் ஜான்சியின் கல்யாணம்தான்.

ஏரவாடாவிலிருந்து இர்பான் வந்து பெண் கேட்டபோது முடியாது என்றார். அவள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து பேச்சு நின்றுபோயிற்று. அம்மா மார்க்கெட்டில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். அவரோ எதிரே வந்தால் சைக்கிளை அடுத்த சந்தில் திருப்பிவிடுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷர். ஜான்சிக்கும் அதே ரத்தம்தானே, அவளும் போய் நிற்கவில்லை. ஆனாலும் இந்த ஐந்து வருஷத்தில் அவர் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்று அவள் ஏங்காத நாள் கிடையாது.

பெட்டியைத் திறந்தாள். எதிர்பார்த்ததுதான். அந்த வருஷம், இரண்டாயிரத்து நாலில், கடைக்கு வந்த பெட்டிகளில் பாதிக்கு இதே வியாதி. மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும், மின்சாரத்தைத் தேக்கும் குட்டி உருளைகளான கெபாசிட்டர்கள் எண்ணெயில் போட்ட உளுந்து அப்பளம் மாதிரி தலை உப்பி, சிலவற்றின் உச்சி பிளந்து பழுப்பாகக் கசிந்திருந்தன. இர்பான் விற்பனையைப் பார்த்துக்கொள்வான். சாலிடரிங் எல்லாம் அவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் போசரியில் டிவி கம்பெனியில் பழகிய கை. அவன் வந்து எட்டிப் பார்த்தான், ஸ்க்ரூக்களைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"மாமா வூட்டுதா?"

அவள் தலையாட்டினாள்.

"இன்னிக்கி நீ தொடாத ஜான்சி. நான் போட்டுடறேன்."

"வேணாம். இத நான்தான் போடணும்."

அவன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கெட்டுப்போனவற்றை நல்லபடியாகவே எடுத்தாள், துளைகளைச் சுத்தம் செய்தாள், புத்வார் பேட் சந்தையில் வாங்கிவைத்த புதியவற்றைச் செருகிப் பற்றவைத்தாள். மீட்டரை எடுத்துச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டிருந்தாள். கெபாசிட்டருக்கு ஒரு கால் பிளஸ், ஒரு கால் மைனஸ். போர்டில் அதன் வட்டத்தில் வெள்ளை அடித்த பாதி மைனஸ் என்று கைக்குப் பழக்கம். ஒரு சில போர்டுகளில் மட்டும் வெள்ளைதான் பிளஸ். இது அந்த ஜாதி. அவளுக்குத் தெரியாததில்லை, மனசு இங்கே இல்லை. அப்படியே ஆன் செய்திருந்தால் ஒவ்வொன்றாகப் பட்டாசு வெடித்திருக்கும். அப்பா வீட்டுப் பெட்டியை மகள் கொளுத்தினாள் என்று தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேசியிருப்பார்கள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகத் திருப்பிப் போட்டாள். சாயங்காலம்வரை பெட்டி அணையாமல் ஓடியது.

மூடும்போது இர்பான் வழக்கம்போல் கடை ஸ்டிக்கரை எடுத்து வந்தான். அவள் தடுத்தாள்.

"ஒட்னா சொரண்டிப் போட்டுடுவாரு."

"அப்ப யாரு செஞ்சதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அவள் உடைந்திருந்த மஞ்சளைப் பெயின்ட் தின்னரால் துடைத்தாள். ஸ்க்ரூக்களை முறுக்கினாள். பிறகு கைப்பையிலிருந்து சிவப்பு நெய்ல் பாலிஷை எடுத்து, ஒவ்வொரு தலையிலும் ஒரு ஓரமாகப் புள்ளி வைத்தாள். மறு ஓரத்தைக் காலியாக விட்டாள். இர்பான் ஸ்டிக்கரை டிராயரில் போட்டான்.

ஜம்பு வந்து எடுத்துப்போனான். ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. துடைத்து எறிந்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, ஆட்டோ சத்தம் கேட்டால் தலை தானாக நிமிர்ந்தது.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் ஜம்பு அதே பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். ஜான்சி செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். ஒரு கெபாசிட்டரைத் தலைகீழாகவே விட்டுவிட்டோமோ?

"இன்னா ஆச்சு?"

"எனக்கின்னா தெரியும்? குடுத்துட்டு வான்னாரு."

ஒயரைச் செருகி ஆன் செய்தாள். சுகமாக ஓடியது. டீ வந்து, குடித்து முடிக்கும்வரை ஓடிக்கொண்டேயிருந்தது. ஜம்பு உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. வாசலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். எதற்கும் திறந்து பார்த்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரோடு பெட்டியைத் திருப்பினாள்.

சிவப்புப் புள்ளி ஒன்றுகூட உடையவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும், அவள் விட்டுவைத்த இடத்தில், மஞ்சள் இருந்தது. தொட்டாள். விரலில் ஒட்டிக்கொண்டது.

அவள் நிமிர்ந்து வெளியே பார்த்தாள். பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கடைக்கு எதிரே நின்ற ஜம்புவின் ஆட்டோவில் மட்டும் மழைப் படுதா இறங்கியிருந்தது. படுதாவுக்குக் கீழே, நன்றாகப் பாலிஷ் போட்ட இரண்டு கறுப்பு பூட்ஸ்கள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, பிரஷ் செருகிய ஒரு சின்ன டப்பா மூடாமல் இருந்தது.