இடது கால் செருப்பு

கடை முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் போகிற அந்த அரைமணி நேரத்தில்தான் அவள் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறை அது. லென்ஸின் ஓரத்தைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்தெடுக்கும் சக்கரத்தில், ஒரு புத்தம் புது ஆண் செருப்பின் குதிகாலை வைத்து அழுத்தினால் சக்கரம் என்ன பாடுபடும்! முக்கியது, முனகியது, கறுப்பாகத் துப்பியது. இருபது வருஷமாக அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியவள் அவள்தான். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கையை உடைத்திருப்பாள்.

பக்கத்தில் கைப்பேசியில் பழைய செருப்பின் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருக்கும். வாரில் நீல நூலால் மூன்று தையல். கட்டைவிரல் பதியும் இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். தேய்ந்த இடத்தை உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடுகள், சீப்பால் வாரிவிட்ட மாதிரி ஒரே சீராக. முப்பத்து நாலு வருஷம் டிரம் மிதியில் உரசினால் அப்படித்தான் கோடு விழும்போல என்று அவள் போன வருஷமே நினைத்துக்கொண்டாள். நீலத் தையலுக்கு ஒரு சாயங்காலம் போயிற்று. கறுப்பு வட்டத்துக்குத் தன் கட்டைவிரலையே மையில் தோய்த்துத் தோய்த்து ஒரு வாரம் போயிற்று. அந்தக் கோடுகள் மட்டும் சக்கரத்தில் வைத்த மாத்திரத்தில் தாமாகவே விழுந்தன. அது ஒன்றுதான் சுலபமாக இருந்தது.

முதலாளி திரும்பி வந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"என்னம்மா இது, டயர் எரியிற மாதிரி நாத்தம்?"

"மூக்குத் தாங்கி ரப்பர் கருகிடுச்சு சார்," என்றாள். வாழ்க்கையில் அவள் பொய் சொன்ன நேரங்கள் குறைவு. இந்த ஒரு வாரத்தில் அது நாலாவது.

'ஓட்டைக் குடை' என்று பெயர் வைத்துக்கொண்டு ஐந்து பேர் பாட்டுக் கச்சேரி நடத்துவார்கள் என்றால் யார் நம்புவார்கள்? ஒருவர் தையல் மெஷினை மிதிப்பார். ஒருவர் தட்டச்சு மெஷினில் தாளம் போடுவார். பாடுகிறவர் பாதிப் பாட்டில் மறந்துபோய் நின்று, மூக்கைச் சொறிந்துவிட்டு, அதையும் ராகத்தோடு சொல்லிவிட்டுத் தொடருவார். மாடிவீட்டுக்காரர் குழாயை மூடாமல் ஊருக்குப் போனதைப் பற்றி ஏழு நிமிஷப் பாட்டு உண்டு. அறுந்து விழுந்த சட்டைப் பொத்தானைப் பற்றி ஒன்று உண்டு. அதைக் கேட்டால் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அழுகை வரும். பொத்தானுக்கு ஏன் அழ வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வருஷத்துக்கு ஒரு நாள் அவள் அங்கே போய் அழுதுவிட்டு வருவாள். மற்ற நாட்களில் அவளுக்கு அழ நேரம் இருந்ததில்லை.

அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. முதல் கச்சேரியில் டிரம் அடிக்கிறவரின் இடது செருப்பு வார் அறுந்துபோக, கடுப்பில் கழற்றி வீசியிருக்கிறார். அது கூட்டத்தில் ஒருவர் மடியில் போய் விழுந்தது. அவர் அடுத்த வருஷம் அதைத் தைத்துக் கொண்டுவந்து மேடையில் வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் கடைசிப் பாட்டில் செருப்பு பறக்கும். பிடித்தவர் வீட்டில் அது ஒரு வருஷம் இருக்கும். அடுத்த வருஷம் அவர் மேடையேறி அதைக் காலடியில் வைப்பார். டிரம் அடிக்கிற மொட்டை அதில் காலை நுழைத்து, விரலை ஆட்டிப் பார்த்து, "சரியா இருக்கு!" என்பார். அதற்குப் பிறகுதான் கச்சேரி ஆரம்பிக்கும். மொட்டை என்று அவரைச் சொல்வது மரியாதைக் குறைவில்லை. அவ்வளவு செல்லம். அதே செருப்புதான், முப்பத்து நாலு வருஷமாக, கை மாறிக் கை மாறி வருகிறது என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது.

போன வருஷம் அது நேராக வந்து அவள் முகத்தில் அடித்தது. கண்ணாடியின் இடது லென்ஸ் விரிசல் விட்டது. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், ஒரு மாதம் அந்த விரிசலை மாற்றாமல் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

"டிக்கெட் எடுத்துட்டுப் போயி செருப்படி வாங்கிட்டு வந்த ஒரே பொம்பள எங்க வீட்டுலதான் இருக்கா," என்று அவள் வீட்டுக்காரர் தெரு பூராவும் சொல்லிச் சிரித்தார். லிஃப்ட் மெக்கானிக். பத்தாம் மாடிக்கும் பதினொன்றாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களைச் சிரிக்க வைத்தே வெளியே எடுப்பார் என்று அவருக்குப் பேர். வீட்டில் மாட்டிக்கொண்டவள் சிரிக்கிறாளா என்று அவர் பார்த்ததில்லை.

முன்னறைக் கண்ணாடி அலமாரியில் டீக் கப்புகளை ஒதுக்கிவிட்டு நடுத்தட்டில் செருப்பை வைத்தாள். ஒரு மாதம் இருந்தது. பிறகு அவருடைய அண்ணனும் அண்ணியும் இரண்டு நாள் தங்க வந்தார்கள். அன்றைக்குக் கடையிலிருந்து வந்தபோது நடுத்தட்டில் மறுபடியும் கப்புகள் வரிசையாக இருந்தன.

"எங்க?"

"எது எங்க?"

"செருப்பு."

"டீ கப்பு வெக்கிற எடத்துல செருப்ப வெச்சா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? குப்பை வண்டில போட்டேன். ஒத்தச் செருப்புதானே, என்னமோ தங்கத்த தூக்கிப் போட்ட மாதிரி பாக்கறியே!"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குப்பை வண்டி போய் ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் உள்ளே போய் நாலு பேருக்கும் சமைத்தாள், பரிமாறினாள், அண்ணியின் முழங்கால் வலியை விசாரித்தாள். அவர்கள் கிளம்பிப் போனதும் கப்புகளை எடுத்து அடுப்படியில் கவிழ்த்தாள். நடுத்தட்டைக் காலியாக விட்டாள். பேச்சையும் நிறுத்தினாள்.

பேச்சை நிறுத்தினாள் என்றால் அடியோடு இல்லை. "சாப்பாடு இருக்கு." "கேஸ் தீந்துடுச்சு." அவ்வளவுதான். முதல் மாதம் அவர் எகிறினார். இரண்டாவது மாதம் கிண்டல் செய்தார். மூன்றாவது மாதம் பயந்துபோனார். தன் தட்டைத் தானே கழுவினார். டிவி சத்தத்தைக் குறைத்தார். அண்ணனிடம் ஃபோன் பேச மாடிப்படிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கேட்காமலே அந்தக் காலித் தட்டைத் துணியால் துடைத்தார். இருபத்தாறு வருஷத்தில் கிடைக்காத மனுஷன், ஒரு செருப்பு தொலைந்ததும் கிடைத்திருக்கிறார்! அவளுக்கு அதில் சந்தோஷமா என்றால் இல்லை. ஆனால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள அவளுக்கென்று ஒன்று கிடைத்திருந்தது. இந்த வீட்டில் முதல் தடவையாக நியாயம் அவள் பக்கம் இருந்தது.

ஒருநாள் அவர் ஒரு அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்தார். பழுப்பு வார், ரப்பர் அடி, அதே மாதிரி ஒரு ஜோடி.

"எட்டு கடை ஏறி எறங்கினேன். இதுல இடது காலு எடுத்துக்கோ. இல்ல, வேணாம்னா விடு."

அவள் பெட்டியைத் தொடவில்லை. ஓட்டைக் குடை இந்த வருஷத்தோடு கடையைக் கட்டுகிறது, இதுதான் கடைசிக் கச்சேரி என்று பேப்பரில் வந்தது அதற்கு அடுத்த வாரம். மொட்டைக்கு எழுபது வயது, மணிக்கட்டைத் தூக்க முடியவில்லையாம். செருப்பு இல்லாமல் கடைசிக் கச்சேரி எப்படி ஆரம்பிக்கும்? அன்று ராத்திரியே இடது செருப்பு பெட்டியிலிருந்து அவள் கைப்பைக்கு மாறியது. மறுநாள் அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வலது செருப்பு மட்டும் இருக்க, சத்தமில்லாமல் மூடி வைத்ததை அவள் அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

கடைசிக் கச்சேரி பகல் இரண்டு மணிக்கு. பாடுகிறவர்களுக்கும் வயசாகிவிட்டது, கேட்கிறவர்களுக்கும் வயசாகிவிட்டது, எட்டு மணிக்கெல்லாம் எல்லோருக்கும் மாத்திரை போட்டுப் படுக்க வேண்டும். வீட்டுக்காரர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். "நான் வெளிய நிக்கறேன்," என்றார். அரங்க வாசலில் ஒரு மைல் நீளத்துக்கு வரிசை. ஒவ்வொருத்தர் கையிலும் ஓட்டை போட்ட குடை. அவள் பையைத் தொட்டுப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

"அக்கா, ஒரே ஒரு தடவ காட்டுங்கக்கா."

"எங்க அப்பா இதப் பிடிக்கணும்னு பதினெட்டு வருஷம் வந்தார். இப்ப இல்ல. நான் தொட்டுக்கலாமா?"

அவள் பையைத் திறந்து காட்டினாள். அந்தப் பெண் தையலின் மேல் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அவள் பையின் வாயைப் பிடித்தபடி நின்றாள். பதினெட்டு வருஷம் வந்த மனுஷனின் மகள் தொட்டுக் கும்பிடுவது போன வாரம் சக்கரத்தில் தேய்த்த கடைச் செருப்பை.

மேடையில் விளக்கு அவள் கண்ணைக் கூசச் செய்தது. முன்வரிசை முழுவதும் பழைய ஆட்கள், ஒவ்வொரு வருஷமும் செருப்பைக் காத்துக் கொண்டுவந்தவர்கள், இருபது பேருக்கு மேல் இருக்கும். அவள் குனிந்து செருப்பை வைத்தாள். மொட்டை தன் பெரிய வெள்ளைக் காலை நீட்டினார். நுழைப்பதற்கு முன்னால் அவளால் தாங்க முடியவில்லை.

"சார், இது உங்களுது இல்ல சார். அது தொலைஞ்சுபோச்சு. இது நான் செஞ்சது. என்ன மன்னிச்சிடுங்க."

அவர் மைக்கைக் கையால் பொத்தினார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

"என்னுது எதும்மா? அது நாலாவது வருஷமே போச்சு. அப்புறம் எல்லாம் கடைச் செருப்புதான். ஒண்ணு பிஞ்சா மேனேஜர் இன்னொண்ண மெஷின்ல குடுத்துத் தேச்சு வாங்கிட்டு வருவார். மேடையேறுன எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன், மனசு கேக்காது. நீயும் யார்கிட்டயும் சொல்லிக்காத, என்ன?" குனிந்து பார்த்தார். "அட, இது அதவிட நல்லா இருக்கே!"

மெஷினில். அந்தக் கோடுகள். சீப்பால் வாரிவிட்ட மாதிரி ஒரே சீராக இருந்த கோடுகள். இருபது வருஷம் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தவளுக்கு, சக்கரம் போட்ட கோடு தெரியாமல் போயிருக்கிறது. தெரியாமல் என்ன, தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

"சரியா இருக்கு!" என்று மைக்கில் அவர் கத்தினார். ஆயிரம் ஓட்டைக் குடைகள் ஒரே நேரத்தில் விரிந்தன. அவள் படியிறங்கியபோது முன்வரிசையைப் பார்த்தாள். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு வயதான அம்மாள் மட்டும் நகர்ந்து இடம்விட்டு, அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "விடு, விடு. மொத வருஷம் எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

பொத்தான் பாட்டு வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரத்தான் செய்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. கடைசிப் பாட்டில் மொட்டை செருப்பைக் கழற்றி, முத்தம் கொடுத்து, "இனிமே திருப்பித் தர வேணாம்!" என்று வீசினார். மீசை வைத்த பெரிய ஆள் ஒருவர் எகிறிப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி தேம்பினார். அவர் மேடையேற அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. அவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

வெளியே வெயில் தணிந்திருந்தது. வீட்டுக்காரர் வண்டியின் மேல் சாயாமல் நின்றபடியே காத்திருந்தார். மூன்று மணி நேரம் நின்றிருப்பார்போல, முகம் கறுத்திருந்தது.

"கண்டுபிடிச்சுட்டாரா?"

உண்மையைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்கு எழுத்தெழுத்தாகத் தெரியும். ஒரு நொடி திகைப்பார். பிறகு அந்தச் சிரிப்பு. இன்றைக்கே அண்ணனுக்கு ஃபோன் போகும், மாடிப்படியிலிருந்து இல்லை, நடுக்கூடத்திலிருந்து. டிவி சத்தம் ஏறும். தட்டு மேஜையிலேயே கிடக்கும். குப்பையைக் குப்பையில்தானே போட்டேன் என்பார், சாகிறவரைக்கும் சொல்வார். அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

"கால வெச்சதுமே அவருக்குத் தெரிஞ்சிடுச்சு," என்றாள். "ஒண்ணும் சொல்லல. கண்ணு மட்டும் கலங்கிடுச்சு. முப்பத்து நாலு வருஷமாச்சேன்னார்."

பதினோரு மாதத்தில் அவரிடம் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்படிக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். முன்னறையில் அட்டைப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவர் தரையில் உட்கார்ந்து வலது செருப்பைத் தன் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். வாரைத் துடைத்தார், அடியைத் துடைத்தார், ஊதிவிட்டு மறுபடியும் துடைத்தார். எழுந்து கண்ணாடி அலமாரியைத் திறந்து, நடுத்தட்டில் அதை வைத்து, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

'அய்யோ, வேணாம்ங்க' என்று அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் அலமாரிக் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் செருப்பு புத்தம் புதிதாக இருந்தது, குதிகாலில் ஒரு கோடுகூட இல்லாமல்.