கொட்டகைத் தெருப் படம்

ஒரு நல்ல மனிதன் கண்ணை மூடும்போது ஓர் உலகமே இருண்டுபோகிறது. இந்த வாக்கியத்தை ஜெய்சன் ஃபிளெக்ஸ் கடைக்காரனிடம் போனில் இரண்டாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இருண்டுபோகிறதுங்கிறத மட்டும் செவப்பு எழுத்துல போடுங்க. கீழ அப்பா படம், பெருசா. ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி."

"படத்த வாட்ஸப்புல அனுப்பிருங்க சார்."

உலகம் அப்போதுதான் உண்மையாக இருண்டது. நேசையாவுக்குப் படம் இல்லை.

ஜெய்சன் போனைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குள் வந்தான். குளிர்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கை கெசியாவிடம் குனிந்தான்.

"ஏட்டி, அப்பா படம் ஒண்ணு கூடவா இல்ல?"

கெசியா யோசித்துப் பார்த்தாள். கல்யாண ஆல்பங்கள் மார்கழி வெள்ளத்தில் ஊறி, அப்பள மாவு மாதிரி ஆகி, குப்பைக்குப் போயின. மற்றபடி வீட்டில் எத்தனையோ படங்கள் எடுத்தார்கள். பிறந்தநாள், ஞானஸ்நானம், ஜெய்சன் கார் வாங்கியது, அந்தக் காரையே மாற்றியது. எல்லாவற்றுக்கும் நேசையா இருந்தார். போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். "நான் எடுக்கேன், நீங்க நில்லுங்க" என்பதுதான் குடும்பப் படங்களில் அவருடைய இடம். மிச்சம் இருந்தது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான்.

"அதப் போட்டா போலீஸ் தேடுத ஆளுன்னுல்லா நெனப்பாங்க" என்றான் ஜெய்சன். "எங்க கரெஸ்பாண்டெண்ட் வாராருட்டி."

ஜெய்சன் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக அதிகாரி. கல்லூரி முதலாளியான கரெஸ்பாண்டெண்ட் வருகிற வீட்டில் சாவு கூடக் கொஞ்சம் ஒழுங்காக உட்கார வேண்டும் என்று நினைக்கிறவன்.

கெசியா பெட்டிக்குள் பார்த்தாள். அப்பாவின் முகம் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. காலையிலும் அப்படித்தான் ஏமாற்றியிருந்தது. காப்பி குடித்து முடித்து, பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணாடி பைக்குள் போனால் நேசையா தூங்கப் போகிறார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கோயிலிலும் அதே கதைதான். குருவானவர் பிரசங்கத்தில் "மூன்றாவதாக" என்று தொடங்கும்போது கண்ணாடி பைக்குள் போகும். பெண்கள் பக்கத்துப் பெஞ்சின் ஓரத்தில் இருந்து அம்மா சாரம்மாள் எட்டிக் கிள்ளுவாள். இன்று அவள் கிள்ளவில்லை. "மனுசன் தூங்கட்டும்" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். இட்லித் தட்டோடு திரும்பி வந்து கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

"ஆதார் படத்தையே போடச் சொல்லு" என்றாள் சாரம்மாள், பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அவரு மூஞ்சி எனக்குத் தெரியும்."

கெசியாவுக்கு மனது ஒப்பவில்லை. வாழ்ந்த காலம் முழுக்க எல்லாரையும் படம் பிடித்த மனிதர், கடைசி நாளில் தெருமுனையில் திருடன் மாதிரி முழித்துக்கொண்டு நிற்பதா?

வாசலில் ஒரு சலசலப்பு. தோள்வரை நரைமுடி, வெளுத்து நூலாய்ப் போன ஜிப்பா, காலில் ஜோடி மாறிய செருப்புகள். அப்பாவின் சிநேகிதர் மதார் வந்திருந்தார். உறவுக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொட்டகைத் தெரு ஆள்.

அந்த வீட்டில் கொட்டகைத் தெரு என்பது ஏறக்குறைய ஒரு கெட்ட வார்த்தை. நாடகக் கொட்டகை மூடிய பிறகும் அதை நம்பி வந்தவர்கள் அந்தத் தெருவை விட்டுப் போகவில்லை. திரைச்சீலை வரைகிறவர்கள், ஆர்மோனியக்காரர்கள், கவிதை எழுதுகிறவர்கள், சீக்கிரமே எழுதப்போகிறவர்கள் என்று ஒரு கூட்டம். ஒருத்தர் டீ வாங்கினால் நாலு பேர் குடிப்பார்கள். மிஷன் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தாவான நேசையா சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். அவர் பாடவில்லை, வரையவில்லை, எழுதவும் இல்லை. பிறகு என்னதான் செய்தார் என்று சாரம்மாள் கேட்காத சனிக்கிழமை கிடையாது. "சும்மா இருந்தேன்" என்பார்.

மதார் பெட்டியருகில் நின்று வாய்க்குள்ளேயே ஓதினார். முகத்தைத் தடவிக்கொண்டார். திரும்பும்போது ஜெய்சனின் போன் புலம்பல் காதில் விழுந்தது.

"படமா?" என்றார். "படம் இருக்கே, பிள்ள. கொட்டகை இருந்த எடத்துல இப்ப ஒரு காப்பிக்கடை. அதுல சுவத்துல மாட்டிருக்கான். நானும் உங்கப்பாவும், எல்லாரும் இருக்கோம்."

"உள்ள போய்ப் பாத்தீங்களா மாமா?"

"உள்ள எங்க விடுதான்? கண்ணாடி வழியா பாத்தேன். நான் பாடுதேன், உங்கப்பா அப்படியே கண்ண மூடி லயிச்சு இருக்காரு. வா, காட்டுதேன்."

சாவு வீட்டிலிருந்து மகள் எழுந்து வெளியே போவதா என்று ஓர் அத்தை தொடங்கினாள். சாரம்மாள் கையை அசைத்தாள். "போய்ட்டு வரட்டும்."

ஆட்டோ கொட்டகைத் தெருவுக்குள் திரும்பியதும் டிரைவர் வேகத்தைக் குறைத்தான். அந்தத் தெருவில் இப்போது எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். இல்லையென்றால் ஓரத்தில் நிற்கிற கார்களுக்குக் கீறல் விழும். வைர நகைக் கடை, மணப்பெண் அலங்காரக் கூடம், நாய்க்குட்டிகளுக்குச் சட்டை விற்கிற கடை. மதார் ஆட்டோவிலிருந்து பாதி வெளியே சாய்ந்துவிட்டார்.

"அந்த நாய்க்கடை இருக்குல்லா, அங்கனதான் ஆர்மோனியம் ரிப்பேர். இது லாட்ஜு. பெயிண்டர் தளவாய் மாமியாருக்குப் பயந்து ராசா வேசத்துல ஒரு நாள் பூரா இந்த மாடிப்படிக்கு அடியில ஒளிஞ்சிருந்தான். கிரீடத்தோட! சாயங்காலம் உங்கப்பாதான் ராசாவுக்கு வடை வாங்கிக் குடுத்தாரு."

கெசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். மதார் அவளைப் பார்க்காத மாதிரி நாய்க்கடையைப் பார்த்தார்.

காப்பிக்கடையின் பெயரும் கொட்டகைதான். பழைய ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, பழைய ஓடு மாதிரியே புது ஓடு வேய்ந்திருந்தார்கள். டீக்கடைக்காரர்கள் தூக்கிப்போட்ட பெஞ்சுகளைத் தேடி வாங்கி மெருகு ஏற்றியிருந்தார்கள். வாசல் பலகையில் 'பழைய சோறு, கண்ணாடிக் கிண்ணத்தில்' என்று எழுதியிருந்தது. பட்டினி கிடந்தவர்களின் ஞாபகமாக ஒரு கடை, அதில் ஏசி.

காவலாளி மதாரின் செருப்பைப் பார்த்தார். முதலில் ஒன்றை, பிறகு மற்றதை.

"யாரப் பாக்கணும்?"

"எங்களத்தான்வே பாக்கணும்" என்றார் மதார். "உள்ள சுவத்துல இருக்கோம்."

காவலாளி யோசித்து முடிப்பதற்குள் கெசியா கதவைத் தள்ளிவிட்டாள்.

படம் நடுச்சுவரில், தனி விளக்குக்கு அடியில் இருந்தது. வாயை அகலத் திறந்து ஒரு கையை உயர்த்தியபடி இளம் மதார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடி பற்றவைக்கிற கவிஞர் பிச்சைக்கண்ணு. சட்டத்தை விட்டே வெளியேறிக்கொண்டிருக்கும் பெயிண்டர் தளவாயின் முதுகு. இவர்களுக்கு நடுவில், தலை கவிழ்ந்து, கண்மூடி, உதட்டில் லேசான சிரிப்போடு நேசையா. கடைக்கு அலங்காரம் செய்தவர் யாரையும் விசாரிக்காமல் முகத்தை வைத்தே பதவி கொடுத்திருந்தார். நேசையாவுக்குக் கீழே 'கவிஞர்: கவிதை பிறக்கும் கணம்'. பிச்சைக்கண்ணுவுக்குக் கீழே 'தேநீர்க் கடைக்காரர்'. மதாருக்குக் கீழே 'நண்பர்'.

"பிச்சைக்கண்ணு இதப் பாக்காமப் போய்ச் சேந்துட்டான்" என்று மதார் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "நான் பாட ஆரம்பிச்சா எந்திரிச்சிப் போயிருவானுவ. பாத்தியா, தளவாய் போறான். எங்க கூட்டத்துலயே என் பாட்ட கடைசிவரைக்கும் இருந்து கேட்டது உங்கப்பா ஒருத்தருதான். அவரு ஒருத்தருக்காகத்தான் அடுத்த சனிக்கிழமையும் பாடுனேன். இல்லைன்னா என்னைக்கோ ஊர்ப்பக்கம் போய் பீடி சுத்திருப்பேன்."

கெசியா படத்துக்கு அருகில் போனாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய சட்டைப் பையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனில் எடுத்துப் பார்த்தாள். சட்டத்துக் கண்ணாடியில் விளக்கு பட்டு அப்பாவின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் விழுந்தது. ஜெய்சன் பார்த்தால் இதுவே போதும் என்பான். சீருடை போட்ட ஒரு பெண் வந்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த புன்னகையோடு, "மேம், படம் எடுக்கணும்னா ஆர்டர் பண்ணணும்" என்றாள். நெஞ்சில் தஸ்மியா என்ற பெயர்ப்பட்டை.

"இது எங்கப்பா. காலைல இறந்துட்டாங்க. வீட்டுல வேற படம் இல்ல."

பயிற்சிப் புன்னகை போய், சொந்த ஊரான மேலப்பாளையத்து முகம் வந்தது. "அல்லாவே, கவிஞர் மவுத்தாயிட்டாங்களா?"

அவர் கவிஞர் இல்லை என்று சொல்ல கெசியா வாயைத் திறந்தாள். அதற்குள் தஸ்மியா நாற்காலியில் ஏறிவிட்டாள். படத்தை இறக்கி, பின்பக்க ஆணிகளைக் கரண்டிக் காம்பால் நிமிர்த்தி, கண்ணாடியைக் கழற்றினாள். கெசியா படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள்.

"இதையும் கொண்டு போங்கக்கா. பெட்டிப் பக்கத்துல வைங்க" என்று தஸ்மியா சட்டத்தைத் திரும்பப் பொருத்திக் கையில் கொடுத்தாள்.

"ஒங்க முதலாளி?"

"அவுக பெங்களூர்ல. கேட்டா கவிஞர் வீட்டுக்குப் போயிருக்காருன்னு சொல்லுவேன். ஒக்காருங்க, ரெண்டு பேரும் ஒண்ணும் சாப்ட்ருக்க மாட்டீக."

அவள் கொண்டுவந்த காப்பி மரப்பலகையில், ஒரு பூவும் இரண்டு கூழாங்கல்லும் வைத்து வந்தது. கூழாங்கல் எதற்கு என்று இருவருக்கும் தெரியவில்லை. மதார் ஒன்றை எடுத்து வாயில் போடப் பார்த்து, கடைசி நிமிடத்தில் வைத்துவிட்டார். விடியற்காலைக்குப் பிறகு கெசியாவின் தொண்டையில் இறங்கிய முதல் வாய் அதுதான். சூடாக, இனிப்பாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தஸ்மியா தோளைத் தொட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். வேறு மேசையில் யாரோ மணியை அடித்தார்கள். அவள் போகவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது ஃபிளெக்ஸ் கடைக்காரன் கூப்பிட்டான்.

"மேடம், கண்ணு மூடியிருக்கே. கம்ப்யூட்டர்ல தெறந்துரலாம். நெசம் மாதிரியே இருக்கும். சார் தெறக்கச் சொல்லுதாரு."

கெசியா மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். "அவர எழுப்பாதீங்க."

சாயங்கால அடக்கத்துக்கு முன்பே ஃபிளெக்ஸ் தெருமுனையில் ஏறிவிட்டது. படத்தின் அடியில் இருந்த பட்டத்தை ஜெய்சன் விடவில்லை. சனிக்கிழமைகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க வெட்கப்பட்டவன், 'கவிஞர் நேசையா' என்று சிவப்பில் போட்டிருந்தான். மற்றவர்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். மதாரின் உயர்ந்த கை மட்டும் வெட்ட வராமல் அப்பாவின் தலைக்கு மேலே நின்றது. கரெஸ்பாண்டெண்ட் நீண்ட நேரம் நின்று பார்த்தார்.

"ஒரு கவிதை சொல்லுங்களேன், தம்பி."

"அப்பா எதையும் வெளிய விடல சார்" என்றான் ஜெய்சன். "ரொம்ப அடக்கமானவங்க."

பெட்டியைத் தெருவில் வைத்து நடந்த ஆராதனையில், குருவானவர் அந்த ஃபிளெக்ஸ் படத்தையே பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார். ஜெபத்தில் தலைகவிழ்ந்த மனிதர் என்றார். மேலே ஆசீர்வதிக்கிற கையைக் கவனியுங்கள் என்றார். ஜனங்கள் கவனித்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மதார், தன் வலக்கையை ஜிப்பாவுக்குள் மறைத்துக்கொண்டார்.

"மூன்றாவதாக" என்றார் குருவானவர்.

சாரம்மாளின் கை தானாக எழுந்து பெட்டியின் விளிம்புவரை போயிற்று. இரண்டு விரல்கள் கிள்ளுவதற்குக் குவிந்தன. பிறகு விளிம்பின் மேலேயே விரிந்து படுத்துக்கொண்டன. கெசியா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

அடக்கம் முடிந்து, வாடகை நாற்காலிகளை அடுக்கி ஏற்றிப் போனார்கள். கூட்டம் கலைந்தது. மதார் மட்டும் தெருமுனையில் ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெசியா அம்மாவைக் கைத்தாங்கலாக அங்கே கூட்டிவந்தாள். இத்தனை வருடத்தில் சாரம்மாள் கொட்டகைத் தெருக்காரர் ஒருத்தரிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தை, கையை, பிறகு சட்டைப் பையை. கெசியா பக்கம் ஒரு கணம் திரும்பினாள். கெசியா கீழே பார்த்தாள்.

"என் பாட்ட முழுசா கேட்ட ஒரே மனுசன், தங்கச்சி" என்றார் மதார். "ஒரு நாளாவது, நல்லா இருந்துச்சின்னு வீட்டுல வந்து சொல்லிருக்காரா?"

சாரம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"சொல்லாமயா?" என்றாள். "சனிக்கெழம ராத்திரி முழுக்க அந்தப் பேச்சுத்தான் அண்ணாச்சி. பைய போங்க, இருட்டிட்டு. நாளைக்கு வாங்க. சாப்ட்டுட்டுப் போலாம்."

மதார் தலையாட்டிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. சுருதி சேரவில்லை. தாயும் மகளும் அவர் தெரு திரும்பும்வரை நின்று கேட்டார்கள்.

படத்தில் மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. நேசையா தூங்கிக்கொண்டிருந்தார்.