ஆர்டித்தின் குளிர் அறையில் பூட்ஸ் குவியல்

நீராவிக் கப்பல் என்றதும் வெள்ளைப் பலகையும் புகைபோக்கியும் பறக்கும் கொடியும் கண்முன் வருகிறவர்கள், மிசௌரிச் சோளக்காட்டின் அடியிலிருந்து அப்படி ஒன்றைத் தோண்டும்போது காற்று வீசும் பக்கமாக நின்று பார்க்க வேண்டும். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா கிடந்த பாவத்துக்கு நான் நின்றேன். கப்பல் முழுகிய பிறகு ஆறு தன் பாட்டுக்கு ஒரு மைல் நகர்ந்துவிட்டது. சேறு மட்டும் கப்பலை விடாமல் பிடித்து, நூற்று முப்பது வருஷமாக ஊறப்போட்டிருந்தது. அழுகிய முட்டையையும் நனைந்த நாயையும் ஒரே சாக்கில் கட்டிக் கோடை முழுக்க மறந்துபோனால் ஒரு வாடை வருமே, அது அந்தக் குழியின் வாசலில் மல்லிகை. காக்கைகள் சுற்றுவழியில் பறந்தன. பக்கத்துப் பண்ணைப் பசுக்களுக்குப் பால் வற்றியது. பசு ஒன்றுதான், அதுவும் கிழடு என்பாள் என் மனைவி. அவள் குழிப்பக்கமே வரவில்லை.

தோண்டியவன் வெர்லின் ஹோஸ்டெட்லர், கூரை போடுகிறவன். கப்பலில் அவனுக்குக் கிடைத்தது பெட்டி பெட்டியாக பூட்ஸ். ஆற்றின் மேற்பகுதி ஊர்க் கடைகளுக்குப் போக வேண்டிய புத்தம்புது பூட்ஸ். தையல் நூல் கரைந்துபோய், தோல் மட்டும் கறுத்து, வழவழவென்று, செத்த விலாங்குபோல் கையில் நழுவும். அவற்றைக் கழுவுவது என் வேலை. சேற்றிலிருந்து எடுத்த தோலைக் காற்றில் விட்டால் சாயங்காலத்துக்குள் அப்பளமாகச் சுருண்டுவிடும். ஈரத்தோடு உறையவைத்து, பிறகு மெழுகு மாதிரியான மருந்தில் சிறிது சிறிதாக ஊறவைக்க வேண்டும். அதற்கு வருஷக்கணக்காகும். அதுவரை குளிர் வேண்டும்.

சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு பெரிய குளிர் அறை ஆர்டித் குவிக்லியிடம்தான் இருந்தது. ஊரார் வெட்டிய பன்றியும் வேட்டையாடிய மானும் அங்கேதான் தொங்கும்.

"வச்சுக்கோ," என்றாள் ஆர்டித். "ஆனா ஒண்ணு கேட்டுக்கோ வெர்லின். இந்த அறையில நின்னு நின்னு என் மூக்கும் நாக்கும் செத்து எத்தனையோ வருஷமாச்சு. ஊர்க்காரன் மூக்குதான் என் மூக்கு. நாறுதுன்னு எவனாவது ஒருத்தன் வாயைத் திறந்தான், உன் செருப்புக்கடை மொத்தமும் வாய்க்கால்ல கிடக்கும்."

"ஒருத்தனும் திறக்கமாட்டான்க்கா," என்றான் வெர்லின்.

பூட்ஸ் உள்ளே போயிற்று. கூடவே கப்பலின் மளிகையும் போயிற்று. அதில் பன்றிக்கொழுப்பு அடைத்த கல் ஜாடிகள் சில இருந்தன. ஆர்டித்தும் தன் பன்றிக்கொழுப்பை அதே மாதிரி ஜாடிகளில்தான் வைப்பாள், அவள் அம்மா வைத்தாள் என்பதற்காக. உறைந்துவிட்டால் எந்தக் கொழுப்பும் நாறாது. வெர்லின் தன் ஜாடிகளின் காதில் அடையாளத்துக்குத் தகரத்துண்டு கட்டி, பின் மூலையில் அடுக்கினான்.

குழியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவன் எலோய் என்ற லூசியானாக்காரன். எங்கள் ஊரில் சமைத்தவர் முகத்துக்கு எதிரே சாப்பாட்டைக் குறை சொல்கிற வழக்கம் கிடையாது. மிஞ்சிப்போனால் "புதுசா இருக்கே" என்போம். எலோய் அப்படி இல்லை. என் மனைவியின் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல யாரு கால் கழுவினது?" என்று அவளிடமே கேட்டவன். ஆனால் சேற்றிலிருந்து ஒரு குழந்தை பூட்ஸ் வந்த அன்று, அதை யாரையும் தொடவிடவில்லை. தன் சட்டையைக் கழற்றி நனைத்துச் சுற்றி, அந்தக் குளிரில் வெற்று மார்போடு ஆர்டித்தின் அறைவரை தூக்கிக்கொண்டு போனான்.

மார்ச் மாதம் தீயணைப்புக் குழுவின் மீன் விருந்து. பொரிப்பது எப்போதும் ஆர்டித். கொட்டகைக்கு வெளியே அண்டாவில் பன்றிக்கொழுப்பு கொதிக்க, சோளமாவில் புரட்டிய கெளுத்தி மலை மலையாக உள்ளே வந்தது. ஊரே உட்கார்ந்திருந்தது.

நான் ஒரு கடி கடித்தேன்.

என்ன சொல்வது. சவர்க்காரம். அதற்குப் பின்னால் பழைய காலுறை. அதற்கும் பின்னால், தொண்டைக்குள் இறங்கி நின்றுகொண்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சேறு. பல்லில் மெழுகாக ஒட்டிக்கொண்டு நாக்கைத் தேடித் தேடித் தடவியது. எதிரே பாதிரியார் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார். உதடு மட்டும் பிரார்த்தனை செய்தது. பெண்கள் கைப்பைகளைத் திறந்து மூடினார்கள். மேஜைக்கடியில் நாய் ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டு, நேரே கதவருகே போய் வெளியே விடச்சொல்லி நின்றது.

"புதுசா இருக்கே ஆர்டித்," என்றார் பாதிரியார்.

அவள் முகம் மலர்ந்து அவருக்கு இன்னும் இரண்டு துண்டு வைத்தாள்.

வெர்லின் என் விலாவில் இடித்தான். சன்னல் வழியாக அண்டாவுக்குப் பக்கத்தில் காலி ஜாடி தெரிந்தது. அதன் காதில் தகரத்துண்டு.

"சொல்லிடுவமா?" என்றேன்.

"எல்லாரும் பாதி தின்னாச்சுய்யா. இப்பச் சொன்னா வயித்துல இருக்கிறது போகுமா? பூட்ஸ்தான் போகும். பேசாம மெல்லுங்க."

அப்போதுதான் எலோய் இயந்திரங்களை அணைத்துவிட்டுப் பசியோடு வந்தான். தட்டை வாங்கினான். பாதித் துண்டை வாயில் போட்டான். தாடை நின்றது. மெதுவாக எழுந்தான்.

"இந்த மீனைக் கொன்னது யாரு?"

கொட்டகையில் மெல்லுகிற சத்தம்கூட நின்றது. ஆர்டித் கரண்டியோடு வந்தாள். "ஏம்ப்பா, மீன்ல ஏதும் கெட்ட வாடை அடிக்குதா? அடிச்சா சொல்லிடு. எனக்குத் தெரியாது."

வெர்லின் தட்டைப் பார்த்தபடி, இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் விரித்துவைத்திருந்தான், அந்தக் குழந்தை பூட்ஸ் நீளத்துக்கு இடைவெளி விட்டு. எலோய் அதைப் பார்த்தான். வாயிலிருந்ததை விழுங்கினான்.

"இல்லம்மா. இவ்வளவு சின்னதுலயே கொன்னுட்டாங்களேன்னு கேட்டேன். பெருசா ஒண்ணு இருந்தா குடுங்க."

ஆர்டித் அண்டாவிலிருந்த மிகப் பெரிய துண்டை, கொழுப்பு சொட்டச் சொட்ட, அவன் தட்டில் வைத்துவிட்டு, தின்கிற அழகைப் பார்க்க இடுப்பில் கை வைத்து நின்றாள். ஊரே பார்த்தது. கண்ணீர் மீசையில் இறங்க, முள்ளைக்கூடச் சப்பினான் எலோய். கடைசி வாய்க்கு அவன் காது மடல் பச்சையானதை நான் பார்த்தேன். பச்சை என்றால் பாசிப் பச்சை.

"பாவம், அழறான்," என்றாள் ஆர்டித். "வீட்டு ஞாபகம் போல."

மறுநாள் காலை குளிர் அறையில் பூட்ஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற நிலையில் பலர் இல்லை என்பது வேறு விஷயம். ஆர்டித் வெர்லினைத் தோளில் தட்டினாள்.

"சட்டியில ஒரு துண்டு மிஞ்சலை, பாத்தியா? பின் மூலையில அதே மாதிரி ஜாடி இன்னும் இருக்குப்பா. அடுத்த வருஷத்துக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன்."