இடைவேளைக்குப் பிறகு எழுந்திருப்பவர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பாதிரியார் கேட்டால் பைபிளின் மேல் கை வைத்துச் சொல்வேன். அவர் கேட்காவிட்டால் என் பல்செட்டின் மேல் வைத்துச் சொல்வேன். இப்போதைக்கு அதைவிட எனக்கு நெருக்கமானது வேறொன்றும் இல்லை.

கோரல் வேக்குவம் கிளீனரை அப்பாவின் நாற்காலிவரை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“காலத் தூக்குங்கப்பா.”

ஹெட்லி ப்ரௌஸ் தூக்கவில்லை.

விடிவதற்கு முன்னாலிருந்து பேக்கரியில் நின்ற கால்கள் அவளுடையவை. கணுக்கால் வீங்கி, காலுறையின் பட்டை சதையில் பதிந்திருந்தது. குனிந்து அவளே அவர் பாதங்களைத் தூக்கினாள், அடியில் குழாயை விட்டு இழுத்தாள், விட்டாள். இரண்டு செருப்பும் தரையில் தொம்மென்று விழுந்தன. அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கண் முக்கால்வாசி மூடியிருந்தது.

“இன்னைக்கு வேணாம்ப்பா. நெஜமாவே எனக்குத் தெம்பில்ல.”

குழாயை நாற்காலிக்குப் பின்னால் விட்டு எடுத்தாள்.

“சரி, நல்லாத்தான் இருக்கு. போன வாரத்துக்கு இது எவ்வளவோ மேல். போதும், எழுந்திருங்க.”

நடையைப் பெருக்கினாள். மாடிப்படியைப் பெருக்கினாள். டீ போட்டு, அவருடைய கோப்பையை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள், பக்கத்தில் இரண்டு பிஸ்கட். எதிரே உட்கார்ந்து ஷூவைக் கழற்றித் தன் டீயைக் குடித்தாள். குடித்துக்கொண்டே திட்டினாள்.

“வேலைக்குப் போய்ட்டு ஒருத்தி வந்திருக்காளேன்னு ஒரு இரக்கம் வேணாமா? எத்தன வயசானாலும் இதே கூத்து. நீங்க செத்தா ஒருத்தரும் நம்பப்போறதில்ல, பாத்துக்கிட்டே இருங்க.”

அவர் கோப்பையின் மேல் ஆடை படிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் எழுந்தாள். ஹெட்லி எந்த நடிப்புக்காகவும் டீயை ஆறவிட்டவர் அல்ல.

அவர் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில், லெஸ்டர் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சந்துத் தியேட்டரில், ‘கல்லறைத் தெருக் கல்யாணம்’ என்ற இசை நாடகத்தில் அவர் பிணமாக நடித்தார். முப்பது வருஷம். வெட்டியான்கள் எட்டுப் பேர் மண்வெட்டியைத் தட்டிக்கொண்டே பாடுவார்கள். மணப்பெண் பாதிப் பாட்டில் சவப்பெட்டியைக் கட்டிப்பிடிப்பாள். இடைவேளைக்குப் பிறகு, எல்லோரும் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தபின், ஆர்கன் தன் ஆகக் கீழ்ச் சுரத்தில் ஒருமுறை உறுமும். அந்த உறுமலில் பிணம் விறைப்பாக எழுந்து உட்காரும். உட்கார்ந்து, குழந்தைக் குரலில் தாலாட்டுப் பாடும்.

சும்மா சொல்லக்கூடாது, ஜனங்கள் பயந்தார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் ஓட ஆரம்பித்து பிரைட்டன் கடற்கரையில்தான் நின்றாள். கடல் குறுக்கே வந்ததால் நின்றாள். ஒரு பிஷப் முன்பின் தெரியாத மீன் வியாபாரியின் மடியில் ஏறிக்கொண்டார். பிறகு இருவரும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டார்கள். வழுக்கைத் தலையர் ஒருவருக்குப் பயத்தில் முடி முளைத்தது, ஆனால் நரைமுடி. தியேட்டர் எலிகள் குடும்பத்தோடு பக்கத்து நகைச்சுவை நாடகத்துக்குக் குடிபோயின.

இதனால் வீட்டில் என்னாயிற்று என்றால், ஹெட்லி ஒத்திகையை நிறுத்தவில்லை. சமையலறைத் தரையில் செத்தார், குளியல் தொட்டியில் செத்தார், கோரலின் பிறந்தநாள் கேக்கின் மேல் கவிழ்ந்து செத்தார். பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி அலறிக்கொண்டு போனவள் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

டாக்டர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

“கிறிஸ்துமஸ் அன்னைக்கும் இப்படித்தான் கூப்பிட்டீங்க. நான் சாவுச் சான்று ஃபாரத்தை எழுதிக்கிட்டு இருக்கும்போது ‘ஸ்பெல்லிங் தப்பு’ன்னாரு.”

“இது நெஜம் டாக்டர். டீ ஆறிடுச்சு.”

டாக்டர் நாடி பார்த்தார், கண்ணில் விளக்கடித்தார், மூக்குக்குக் கீழே கண்ணாடி பிடித்தார். பையை மூடி விடைபெற்று வெளியே போனவர், சட்டென்று கதவைத் திறந்து தலையை நீட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

பெரில், அதாவது கோரலின் அம்மா, பிங்கோ ஆட்டம் முடிந்து வந்தாள். மேடையில் அவர் முகத்துக்குச் சாம்பல் பவுடர் பூசி அனுப்பியது அவள்தான். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கணவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

“எப்ப எழுந்திருப்பாராம்?”

“அம்மா... டாக்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.”

“அந்தப் பையனுக்கு என்ன தெரியும்?”

அன்று சாயங்காலம் பெரில் மாவுக்குள் ஆட்டிறைச்சி வைத்துப் ‘பை’ சுட்டாள். அவருடைய பங்கைத் தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடி, சூடு ஆறாமல் ஓவனில் வைத்தாள். உடலைக் கொண்டுபோன பிறகும் அப்படியே. தினமும் மூன்று தட்டு. காலையில் காய்ந்துபோனதைச் சுரண்டிக் குப்பையில் கொட்டிவிட்டு கோரல் வேலைக்குப் போவாள். அம்மா அழவும் இல்லை, ‘செத்துட்டாரு’ என்று ஒருமுறை சொல்லவும் இல்லை. இது இப்படியே போனால் என்ன செய்வது என்ற ஒரே யோசனைதான் ரொட்டித் தட்டுகளை அடுப்பில் தள்ளும்போதெல்லாம் கோரலுக்கு. அழுகையைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

சவப்பெட்டிக் கடைக்காரர் லோமாக்ஸ் நல்ல மனிதர். ஹெட்லியைக் குளிப்பாட்டி, தலை சீவி, கன்னத்தில் ரோஜா நிறம் பூசி, உதட்டில் ஒரு சின்னப் புன்னகையை வைத்துக் காட்டினார்.

பெரில் கிட்டப்போய்ப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“என்ன மிஸ்டர் லோமாக்ஸ், இவ்வளவு தெம்பா இருக்காரு? கடலோரம் போயிட்டு வந்தவரு மாதிரி! செத்த களையே இல்லையே.”

“குடும்பத்தார் பொதுவா இதைத்தான் விரும்புவாங்க, மேடம்.”

“பொதுவா இருக்கட்டும். இவர் தொழில்காரரு. கொஞ்சம் தள்ளுங்க.”

கைப்பையிலிருந்து பழைய டப்பாக்களை எடுத்தாள். ரோஜா நிறத்தைத் துடைத்தாள், சாம்பலைப் பூசினாள், கண்ணுக்கடியில் கட்டைவிரலால் ஊதாவைத் தேய்த்தாள். லோமாக்ஸ் நாற்பது வருஷம் பிணங்களோடு வாழ்ந்தவர். அவரே ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

“இப்ப சரி,” என்றாள் பெரில். பிறகு குரலைத் தாழ்த்தி அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டுவதைக் கோரல் பார்த்தாள், என்னவென்று கேட்கவில்லை. நின்றுகொண்டே தூங்கிவிடுவாள் போல இருந்தது.

தகன மண்டபத்தில் ஆர்கன் வாசிக்க ஆஸி பார்கெட்டர் வந்திருந்தார். நாடகத்துக்கு வாசித்த அதே ஆஸி. கோரல் அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“ஆஸி மாமா, என்ன வேணா வாசிங்க. அந்தச் சுரம் மட்டும் வேணாம்.”

“உங்கம்மா வாசிக்கச் சொல்லிட்டாம்மா.”

“எனக்காக.”

“நீ பேக்கரிக்காரி, என்னை அடிக்க மாட்ட. உங்கம்மா அடிப்பா.”

கோரல் முதல் வரிசைக்குப் போனாள். அம்மா கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நாடகம் பார்க்க வந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஆஸி மாமாகிட்ட எதுக்கும்மா அப்படிச் சொன்ன?”

“சைகை இல்லாம உங்கப்பா என்னைக்கு எழுந்திருச்சிருக்காரு? டாக்டர் கண்ணாடி காட்டினாராம். கண்ணாடிக்கா எழுந்திருப்பாரு? அந்தச் சுரத்துக்குத்தான் எழுந்திருப்பாரு.”

“எழுந்திருக்கலைன்னா?”

பெரில் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கோரலும் பெட்டியைச் சரியாகப் பார்த்தாள். மூடியின் திருகாணிகள் பாதி திருகிய நிலையில் தலையை நீட்டிக்கொண்டு நின்றன.

“அம்மா... இதத்தான் லோமாக்ஸ்கிட்ட சொன்னியா?”

“உள்ளிருந்து தொறக்கணுமில்ல. பாவம், வயசாகுது அவருக்கு.”

எழுந்துபோய்த் திருகாணியைத் திருகலாம், ஆஸியின் கையைப் பிடிக்கலாம், அம்மாவை உலுக்கலாம். எதற்கும் கோரலிடம் தெம்பு மிச்சமில்லை. அதுமட்டுமல்ல, ‘போதும், எழுந்திருங்க’ என்று நாலு நாளைக்கு முன்னால் சொன்னவள் அவள். அதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாதிரியார் பேசினார். ஹெட்லியைத் தெரியாதவர் என்பதால் மிக நன்றாகப் பேசினார். பின்வரிசையில் நாடகக்காரர்கள், பெட்டி உள்ளே வந்தபோது வழக்கம்போலக் கைதட்டியவர்கள், இப்போது கையைக் கட்டிக்கொண்டார்கள். முன்னாள் வெட்டியான்களில் மிச்சமிருந்த மூன்று பேர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். பாதிரியார் உட்கார்ந்தார்.

ஆஸி இடதுகால் ஷூவைக் கழற்றினார். காலுறையோடு ஆர்கனின் கீழ்க்கட்டையை மிதித்தார்.

முதலில் சத்தமே கேட்கவில்லை, பெஞ்சுகள்தான் நடுங்கின. பிறகு ஜன்னல்கள். பிறகு எல்லோருடைய வயிற்றுக்குள்ளும் அது புகுந்தது. பூச்சாடியில் தண்ணீர் துள்ளியது. பாதிரியார் பக்கத்திலிருந்த லோமாக்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். மண்டபம் முழுக்க ஒரே ஆளாக முன்னால் குனிந்தது. ஒரு திருகாணி அதிர்வில் தானாகச் சுற்றி, மரத்தைவிட்டுக் கழன்று, தரையில் உருண்டு, கோரலின் ஷூவில் முட்டி நின்றது.

ஆஸி காலை எடுத்தார்.

எங்கோ யாரோ இருமலை அடக்கினார்கள். அந்தத் திருகாணியை எடுக்கக் குனிய வேண்டும் என்று கோரலுக்குத் தோன்றியது. குனிந்தால் அந்த நேரத்தில் பார்க்காமல் போய்விடுவோமோ என்று குனியவில்லை.

மூடி அசையவில்லை.

ஆஸி திரும்பிப் பெரிலைப் பார்த்தார். காலை மறுபடி கட்டையின் மேல் தூக்கிவைத்து, புருவத்தால் கேட்டார். பெரில் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

“இவர் லேட்டா எழுந்ததே இல்ல,” என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. மடியிலிருந்த கையுறையை எடுத்து, ஒவ்வொரு விரலாக நுழைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு கோரலின் பக்கம் திரும்பினாள்.

“திரைய மூடச் சொல்லுடி.”

லோமாக்ஸ் பொத்தானை அழுத்தினார். நீலத் திரை இரண்டு பக்கமிருந்தும் கிளம்பி, நடுவில் கொஞ்சம் சிக்கி, மூடியது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

திரும்பும் காரில் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். மழை பிடித்திருந்தது. கெனிங்டன் சிக்னலில் நின்றபோது கோரல் சொன்னாள்:

“அம்மா, அன்னைக்கு நான் அவர் முன்னாடி உக்காந்து டீ குடிச்சேன். திட்டிக்கிட்டே குடிச்சேன்.”

“நடிக்கிறாருன்னு நினைச்சியா?”

“ம்.”

“முழு டீயும் குடிச்சியா?”

“ம்.”

பெரில் ஜன்னலைப் பார்த்தாள். கார்க் கண்ணாடியில் துடைப்பான் இரண்டு தடவை போய்வந்தது.

“இத அவரு கேட்டிருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு,” என்றாள்.

அன்று சாயங்காலம் பெரில் முந்தின நாள் இறைச்சிப் பையில் மிச்சமிருந்ததைச் சூடுபண்ணினாள். அலமாரியிலிருந்து மூன்று தட்டுகளை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

அடுத்த வாரம் கோரல் பேக்கரியிலிருந்து வந்து, ஷூவைக் கழற்றாமலே, வேக்குவம் கிளீனரை இழுத்துக்கொண்டு நாற்காலி வரைக்கும் வந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. கம்பளத்தில் இரண்டு பாதங்களின் அளவுக்கு மட்டும் நூல் தேய்ந்து, நிறம் மங்கியிருந்தது. அவள் குழாயை அந்த இடத்தைத் தொடாமல், சுற்றிக்கொண்டு போனாள்.

விட்டுப்போன ஒரு தகவல்: ‘கல்லறைத் தெருக் கல்யாணம்’ மேடையேறியது ஒரே ஒரு இரவுதான், அதையும் இடைவேளையோடு நிறுத்திவிட்டார்கள்; அந்த முப்பது வருஷமும் அவர் செத்து எழுந்தது வீட்டில்தான்.