ஆரோக்கியமானவர் நான்

எங்கள் ஆய்வகத்தில் என் ரத்தத்துக்கு ஒரு பதவி உண்டு: 'ஆரோக்கியமானவர்'. என் வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

நுரையீரல் புற்றுநோயாளிகளின் வெள்ளையணுக்களைப் பிரித்துச் சீண்டிவிட்டு, எவ்வளவு வேகமாகச் சண்டைக்கு வருகின்றன என்று அளப்பது என் வேலை. அவை ஒருநாள் போல் மறுநாள் நடந்துகொள்வதில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தத்தையும் வைத்துச் சீண்டவேண்டும். அவருடையது நூறு என்றால் நோயாளியுடையது எத்தனை என்று பார்ப்போம். காலை எட்டு மணிக்கு நல்ல உடம்புக்கு எங்கே போவது? நானே சட்டைக்கையைச் சுருட்டி நீட்டிவிடுவேன். படிவத்தில் 'புகைப்பழக்கம்: இல்லை' என்பதற்குக் கீழே என் கையெழுத்து அழகாகவே இருக்கும்.

அன்று வந்தவர் ஒரு தையல்காரர்.

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்றேன்.

"தொட்டதே இல்ல தம்பி."

"சும்மா, எப்பவாவது?"

"கேக்கறதுல நீங்க அஞ்சாவது ஆளு. என் பொண்டாட்டியே இப்பல்லாம் என் சட்டைப்பையைத் தடவிப் பாக்கறா."

நம்பாத சிரிப்பொன்றைச் சிரித்துவிட்டு, பின்படிக்கட்டுக்குப் போய் அன்றைய இரண்டாவதைப் பற்றவைத்தேன்.

முடிவு, எண்பத்தெட்டு. மருந்துச் சோதனையை நடத்தும் டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "நல்லாத்தான் சண்டை போடுது. அப்போ இவருக்குப் புது மருந்து தேவையில்ல." ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கே அந்தச் சோதனை மருந்து. சேர்க்கை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

என் திரையில் இரண்டு கோடுகளையும் பார்த்தேன். அவருடையது உயரவே இல்லை. என்னுடையதுதான் புகையில் மந்தமாகி, இறங்கிப்போய் அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தது.

அந்த உண்மையை இரண்டு நாள் விழுங்கிப் பார்த்தேன். இறங்கவில்லை.

"டாக்டரம்மா, அந்த எண்பத்தெட்டு தப்பு. நான் சிகரெட் குடிப்பேன். பதினேழு வருஷமா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை பேருக்கு உங்க ரத்தத்தை வெச்சீங்க?"

"பதினாலு."

திட்டியிருந்தால் தேவலை. "எல்லாரையும் கூப்பிடுங்க. ஏன்னும் நீங்களே சொல்லுங்க" என்றார்.

தையல்காரர்தான் முதலில் வந்தார். சொன்னேன், அவர் முகத்தைப் பார்க்காமல். அவர் கையை நீட்டினார். நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தினேன். பக்கத்தில் இம்முறை எங்கள் துப்புரவு அக்காவின் ரத்தம். மாலையில் எண் வந்தது: நாற்பத்தொன்று.

"அப்போ எனக்கு மருந்து உண்டா?"

"உண்டு."

பரீட்சையில் தேறியவர்போலச் சிரித்தார். போனவர் கதவருகே நின்றார். "தம்பி, நீங்க எக்ஸ்ரே எடுத்துப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பயமா இருந்தா சொல்லுங்க. கூட வந்து வெளியில உக்காந்திருக்கேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. பட்டியலில் இன்னும் பதின்மூன்று பேர் இருந்தார்கள். அடுத்தவரின் எண்ணை அழுத்தினேன்.